கிறிஸ்துமஸ் லீவில் நாகர்கோவிலில் பழைய கூட்டாளிகளை ஒன்றுசேர்ப்பது எப்படி

குமரி மாவட்டத்துக்காரர்கள் வெளியூரில் எங்கே வேலை பார்த்தாலும், வருஷத்தில் பெரும்பாலானோர் ஒரே நேரத்தில் ஊரில் இருப்பது டிசம்பர் கடைசி வாரத்தில்தான். பொங்கலுக்கு வருகிறவர் ஈஸ்டருக்கு வரமாட்டார், ஈஸ்டருக்கு வருகிறவருக்குத் தீபாவளிக்கு லீவு கிடைக்காது. ஆனால் கிறிஸ்துமஸை ஒட்டிப் பிள்ளைகளுக்கு அரையாண்டு விடுமுறை வருகிறது, ஐடி கம்பெனிகளில் மிச்சமிருக்கிற லீவைத் தீர்க்கிற நேரமும் அதுதான், ஆழ்கடலுக்குப் போன தூத்தூர் பக்கத்துப் படகுகள்கூடப் பண்டிகைக்குக் கரை திரும்பிவிடும். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று பார்க்காமல் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த கூட்டம் மறுபடி ஒரே முற்றத்தில் உட்கார இதைவிட்டால் வேறு வாரம் கிடையாது.

இருந்தும் பல குரூப்புகளில் நவம்பரில் நூறு மெசேஜ் ஓடும், டிசம்பர் 30ஆம் தேதி யாராவது ஒருவர் "அடுத்த வருஷம் பாக்கலாம் மக்கா" என்று போடுவார், அதோடு முடிந்தது. அப்படி ஆகாமல் இருக்க என்ன செய்யலாம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் சொல்வதெல்லாம் ஒரே ஒரு விஷயத்தில் இருந்து வருகிறது: வருவதற்கு யாருக்கு ரொம்பக் கஷ்டமோ, அவரை மனதில் வைத்துத் திட்டம் போடுங்கள். துபாயில் இருந்து வருகிறவரை நினைத்துத் திட்டம் போடத் தேவையில்லை, அவர் எப்படியும் வந்துவிடுவார். செட்டிகுளத்தில் கடை வைத்திருப்பவர், மார்த்தாண்டம் பக்கம் கல்யாணமாகிப் போன தோழி, ஆஸ்பத்திரியில் ஷிப்ட் பார்க்கிற நர்ஸ், இந்த வருஷம் வேலை போய் வீட்டில் இருக்கிற ஒருவர், இவர்கள்தான் கடைசி நேரத்தில் வராமல் போகிறவர்கள்.

முதலில் தேதி

24ஐயும் 25ஐயும் தொடவே வேண்டாம். 24 ராத்திரி கத்தோலிக்க வீடுகளில் நள்ளிரவுத் திருப்பலி, சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) வீடுகளில் 25 விடியும் முன்னே எழும்பி ஆராதனைக்குக் கிளம்ப வேண்டும். அதற்கு முந்தைய நாட்களில் வீடு வீடாகப் பாட்டுப் பாடிப் போகிற கீத பவனி, குடில் கட்டுவது, ஸ்டார் தொங்கவிடுவது, பலகாரம் சுடுவது என்று வீட்டில் ஆள் தேவை. வருஷம் முழுக்க வெளியூரில் இருந்துவிட்டு, வந்த இரண்டாவது நாளே "பிரெண்ட்ஸ பாக்கப் போறேன்" என்று பைக்கை எடுத்தால் அம்மாவுக்கு மனம் சங்கடப்படத்தான் செய்யும். இந்த இரண்டு நாளையும் வீட்டுக்கு முழுசாகக் கொடுத்துவிட்டால், அடுத்த நாள் நண்பர்களோடு ஐந்து மணி நேரம் இருந்தாலும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

கடை வைத்திருப்பவர்களுக்கு 24 ராத்திரி வரை வியாபாரம். பேக்கரி என்றால் புத்தாண்டுக் கேக்குக்காக 30, 31 இரண்டும் போய்விடும். கல்யாணமான தோழிகள் பெரும்பாலும் 25 காலை புகுந்த வீட்டில் இருந்துவிட்டு அதற்கப்புறம்தான் அம்மா வீட்டுக்கு வருவார்கள். அன்றைக்கோ மறுநாளோ என்பது வீட்டுக்கு வீடு மாறும், தலைக் கிறிஸ்துமஸ் என்றால் கணக்கே வேறு. நர்ஸ்களின் டூட்டி லிஸ்ட் முன்கூட்டியே போட்டுவிடுவார்கள், அதனால் லிஸ்ட் வருமுன் அவர்களிடம் கேட்டுத் தேதியைச் சொல்லிவிட வேண்டும். இத்தனையும் சேர்த்துப் பார்த்தால் மிஞ்சுவது 26 மதியத்துக்கு மேல், இல்லையென்றால் 27.

26 பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2004இல் சுனாமி வந்தது கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலையில். குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி பக்கத்தில் வீட்டுக்கு ஒருவரையாவது இழந்த தெருக்கள் இருக்கின்றன. இன்றைக்கும் அங்கே 26 காலை நினைவுத் திருப்பலி, கல்லறையில் மெழுகுதிரி, அப்புறம் அமைதியாக ஒரு நாள். உங்கள் கூட்டத்தில் கடற்கரை ஊர்க்காரர் ஒருவர் இருந்தால், தேதியைக் குரூப்பில் போடுவதற்கு முன்னால் அவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். "மதியத்துக்கு மேல வாறேன்" என்று சொன்னால் சரி. கொஞ்சம் தயங்கினால்கூட 27க்கு மாற்றிவிடுங்கள், காரணத்தைக் குரூப்பில் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம்.

2026இல் கிறிஸ்துமஸ் வெள்ளிக்கிழமை வருகிறது. அப்படியானால் 27 ஞாயிறு சாயங்காலம் பாதிப் பேர் ரயில் ஏறிவிடுவார்கள், அந்த வருஷத்துக்கு 26 சனி மூன்று மணி முதல் எட்டு மணி வரை என்பதுதான் எல்லாருக்கும் ஒத்துவரும். ஞாயிறுதான் முடியும் என்றால் ஆராதனை முடிந்து பதினொன்றரைக்குத் தொடங்கி மூன்று மணிக்குள் முடியுங்கள்.

தேதியைக் கேட்டு ஓட்டெடுப்பு நடத்தாதீர்கள். ஓட்டெடுப்பில் சத்தமாக இருப்பவர்கள் மட்டுமே பதில் போடுவார்கள். நான் மேலே சொன்ன ஐந்தாறு பேரிடம் மட்டும் போனில் பேசி, அவர்களுக்கு ஒத்துவருகிற நேரத்தை வைத்துக்கொண்டு குரூப்பில் முடிவாகவே போட்டுவிடுங்கள். இப்படி:

"மக்கா, 26 சனி, மூணு மணி, தோப்புல. ராத்திரி சாப்பாடு உண்டு, எட்டு மணிக்கு முடிஞ்சிரும். வாறவங்க பேரு போடுங்க, கூட எத்தன பேருன்னும் போடுங்க. பிள்ளைங்களயும் கூட்டிட்டு வாங்க. யாரும் எதுவும் வாங்கிட்டு வரண்டாம்."

முடிகிற நேரத்தைச் சொல்வது ரொம்ப முக்கியம். ராத்திரி எத்தனை மணிக்கு வீடு திரும்புவோம் என்று தெரியாததால்தான் பல தோழிகள் வரத் தயங்குகிறார்கள். "யாரும் எதுவும் வாங்கிட்டு வரண்டாம்" என்கிற வரியையும் விட்டுவிடாதீர்கள், கையில் காசில்லாத ஒருவர் அந்த வரியைப் பார்த்துத்தான் கிளம்புவார்.

டிக்கெட்

2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, முன்பு அது 120 நாளாக இருந்தது. அதனால் டிசம்பர் 23 ராத்திரி சென்னையில் ஏற வேண்டுமானால் அக்டோபர் 24 காலை எட்டு மணிக்கு உட்கார வேண்டும். 27க்குத் திரும்புகிற டிக்கெட் அக்டோபர் 28. போகிற டிக்கெட்டைவிடத் திரும்புகிற டிக்கெட்தான் கிடைக்காது, ஏனென்றால் போவது நாலைந்து நாளாகப் பிரிந்து போகும், திரும்புவது எல்லாரும் ஒரே ராத்திரியில். ஐஆர்சிடிசி கணக்கை ஆதாரோடு இணைத்துச் சரிபார்த்து முன்னாலேயே வைத்துக்கொள்ளுங்கள், அன்றைக்குக் காலையில் ஓடிபி வரவில்லை என்று நிற்க முடியாது.

கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் வெயிட்டிங் லிஸ்டில் நம்பிக்கை வைத்துக் காத்திருப்பதைவிட நெல்லை எக்ஸ்பிரஸில் திருநெல்வேலி வரை போட்டுவிடுவது மேல். காலையில் இறங்கி வேய்ந்தான்குளம் புது பஸ் ஸ்டாண்டில் நடுவில் நிற்காத நாகர்கோவில் எண்ட் டு எண்ட் பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் வடசேரி பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடலாம். வள்ளியூர் தாண்டி, முப்பந்தல் காற்றாலைகள் தெரிந்து, ஆரல்வாய்மொழிக் காற்று முகத்தில் அடிக்கும்போதே ஊர் வந்த மாதிரிதான். பகலில் போக முடியும் என்றால் எழும்பூரில் இருந்து நாகர்கோவிலுக்கு வந்தே பாரத் ஓடுகிறது, அதிகாலையில் கிளம்பி மதியம் சேர்த்துவிடும், ஆனால் வாரத்தில் எல்லா நாளும் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். தத்காலை நம்புவதென்றால் ஏசிக்கு முந்தைய நாள் காலை பத்து, ஸ்லீப்பருக்குப் பதினொன்று. பண்டிகை வாரத்தில் அது நிமிஷக் கணக்கில் தீர்ந்துவிடும் என்பதால் அதை ஒரு திட்டமாகவே நான் எடுத்துக்கொள்வதில்லை.

வளைகுடாவில் இருந்து வருகிறவர்களுக்குத் திருவனந்தபுரம்தான் கிட்டத்து விமான நிலையம், நாகர்கோவிலுக்குச் சுமார் 70 கிலோமீட்டர். தூரம் கம்மிதானே என்று நினைக்க வேண்டாம், களியக்காவிளை தாண்டிக் குழித்துறை, மார்த்தாண்டம், தக்கலை வரை பண்டிகை நேரத்தில் வண்டி ஊர்ந்துதான் போகும். 24 சாயங்காலம் இறங்குகிறவர் ராத்திரி ஆராதனைக்கு வீட்டில் இருக்க நினைத்தால், டாக்சியைவிட திருவனந்தபுரம் சென்ட்ரலில் இருந்து ஒரு ரயிலைப் பிடிப்பது புத்திசாலித்தனம். பாரம் அதிகமில்லை என்றால் ஸ்டேஷனுக்கு எதிரே தம்பானூரில் பஸ்ஸும் உண்டு, ஆனால் அதுவும் அதே ரோட்டில்தான் ஊர்ந்தாக வேண்டும்.

மழையையும் கணக்கில் வையுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 90 செண்டிமீட்டருக்கு மேல் பதிவானது, ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் திருச்செந்தூர் ரயில் நின்றுபோய் பயணிகள் வெள்ளத்துக்கு நடுவே மாட்டிக்கொண்டார்கள். டிசம்பரில் தெற்கே வரும்போது 24 ராத்திரி வந்து சேர்கிற மாதிரி டிக்கெட் போடாமல், ஒரு நாள் இடைவெளி விட்டு வாருங்கள்.

எங்கே கூடுவது

யாராவது ஒருவர் வீடு. கூடிப்போனால் ஒருவருடைய தோப்பு. ரிசார்ட், ஹோட்டல் ஹால் எல்லாம் வேண்டாம் என்றுதான் சொல்வேன். தலைக்கு ஆயிரத்து ஐந்நூறு என்று குரூப்பில் போட்ட உடனே நாலு பேர் பேசாமல் ஒதுங்கிவிடுவார்கள், காரணம் கேட்டால் "உறவுல ஒரு விசேஷம் இருக்கு" என்பார்கள். வீட்டில் என்றால் அந்தப் பேச்சே இல்லை.

லாட்ஜில் ரூம் போட்டுக் குடிப்பதற்குக் கூடுகிற கூட்டமும் வேறு. அதற்கு நான் நல்லது கெட்டது சொல்ல வரவில்லை, ஆனால் அதைச் சந்திப்பு என்று பெயர் வைத்து எல்லாரையும் கூப்பிடாதீர்கள். தோழிகள் வரமாட்டார்கள், குடியை நிறுத்தி இரண்டு வருஷமாகப் போராடிக்கொண்டிருக்கிற நண்பர் வரமாட்டார், மாலை போட்டிருப்பவர் வரமாட்டார். வகுப்பில் பாதிப் பேர் அதிலேயே கழிந்துவிட்டார்கள்.

வீடு கொடுப்பவர் பெரும்பாலும் ஊரிலேயே இருக்கிற நண்பராக இருப்பார். வெளியூர்க்காரர்கள் எல்லாரும் "நீ ஊர்லதான இருக்க, கொஞ்சம் பாத்துக்கோ" என்று சொல்லிப் பந்தல், நாற்காலி, சமையல், தண்ணீர் கேன், ஐஸ் என்று எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டுவதுதான் வழக்கம். அவருக்கும் பண்டிகை உண்டு, அவர் மனைவிக்கும் உண்டு. அதனால் வேலையைப் பிரியுங்கள். நாற்காலியும் பெரிய பாத்திரமும் வாடகைக் கடையில் சொல்லுவது ஒருவர், சமையல் ஆளுக்கு அட்வான்ஸ் கொடுப்பது ஒருவர். கடைசியில் இடத்தைக் கூட்டிப் பெருக்கி, இலையையும் கப்பையும் அள்ளிப் போட்டுவிட்டுத்தான் கிளம்புவோம் என்று இரண்டு பேர் முன்கூட்டியே ஒத்துக்கொள்ள வேண்டும். அந்த வீட்டு அம்மாவோ மனைவியோ அன்று அடுப்படிக்குள் போகவே கூடாது. இதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

சாப்பாடு

மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) மீனும்தான் எல்லார் மனதிலும் இருக்கும். ஆனால் கிறிஸ்துமஸை ஒட்டிக் கடலுக்குப் போகிறவர்கள் குறைவு, மீன் வரத்தும் குறைவு, விலையோ ஏறிக்கிடக்கும். நல்ல அயிலையோ நெய்மீனோ கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம். கிடைக்கும் என்று நம்பி இருபது பேருக்குச் சொல்லிவைக்க வேண்டாம். கிழங்குக்குக் கோழிக்கறியோ பீஃபோ வைத்துவிட்டு, நெத்திலிக் கருவாட்டை வறுத்துத் தேங்காய் சேர்த்து ஒரு சம்மந்தி (துவையல்) அரைத்தால் கடலின் ருசியும் வந்துவிடும்.

இருபது பேருக்குப் பத்துக் கிலோ மரச்சீனி போதும். தோலை உரித்து, நடு நாரை எடுத்துவிட்டு, கையடக்கத் துண்டாக வெட்டி, நிறைய தண்ணீரில் வேகவையுங்கள். நன்றாகக் கொதித்த முதல் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும், கசப்பு அதோடு போய்விடும். புதுத் தண்ணீர் ஊற்றி, உப்பு மஞ்சள் போட்டு, துண்டு வாய் பிளக்கிற வரை வேகவிட்டு மறுபடி வடியுங்கள். தேங்காய், சீரகம், பூண்டு, பச்சை மிளகாயை நைசாக அரைக்காமல் சதைத்துச் சேர்த்து, மேலே கறிவேப்பிலை போட்டு மூடி ஐந்து நிமிஷம் ஆவியில் விட்ட பிறகுதான் மரத் துடுப்பால் கிண்ட வேண்டும். கிண்டும்போது ஒருவர் பாத்திரத்தைப் பிடிக்க, ஒருவர் துடுப்பைப் போட, மற்றவர்கள் சுற்றி நின்று பழைய கதை பேசுவார்கள், அந்த அரை மணி நேரத்தில்தான் கூட்டத்தின் கூச்சம் விலகும். அதனால் கறியைச் சமையல்காரரிடம் விட்டாலும் கிழங்கை நீங்களே கிண்டுங்கள்.

மார்கழியில் கூட்டத்தில் ஒருவராவது சபரிமலைக்கு மாலை போட்டிருப்பார், மண்டல பூஜை முடிவது டிசம்பர் 26, 27 வாக்கில்தான். அவருக்குத் தனி அடுப்பில், தனிப் பாத்திரத்தில், முதலிலேயே சமைத்து மூடி வைத்துவிடுங்கள், கறி கொதிக்கிற இடத்தில் இருந்து தள்ளி உட்கார ஒரு இடமும் இருக்கட்டும். முஸ்லிம் நண்பர்கள் வருகிறார்கள் என்றால் கறி ஹலால் கடையில் வாங்குங்கள், எல்லாருக்கும் அதுவே. இதையெல்லாம் அவர்களிடம் கேட்டுக் கேட்டுச் செய்தால் "எனக்காகக் கஷ்டப்படாத" என்றுதான் சொல்வார்கள். சொல்லாமலே செய்து வையுங்கள்.

பலகாரத்துக்குச் செலவே வேண்டாம். அச்சு முறுக்கும் முந்திரிக்கொத்தும் கிறிஸ்தவ வீடுகளில் எல்லாம் டின் டின்னாக இருக்கும், வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு பொதி தானாகவே எடுத்து வந்துவிடுவார்கள்.

வெளியே போக ஆசைப்பட்டால்

கன்னியாகுமரிப் படகை மறந்துவிடுங்கள். ஐயப்ப பக்தர்களும் விடுமுறைக் கூட்டமும் சேர்ந்து அந்த வாரத்தில் வரிசை நீண்டு கிடக்கும், போதாததற்கு விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே 2024 டிசம்பர் 30இல் திறந்த கண்ணாடிப் பாலத்தைப் பார்க்க வருகிற கூட்டமும் சேர்ந்துகொண்டது. பேசுவதற்காகக் கூடுகிறவர்கள் வரிசையில் நிற்க வேண்டாம்.

மாத்தூர் தொட்டிப்பாலம் நல்ல தேர்வு. 1966இல் கட்டியது, நூறு அடிக்கு மேல் உயரம், 28 தூண்கள். மேலே நடைபாதையில் இரண்டு இரண்டு பேராகத்தான் போக முடியும் என்பதால் குரூப்பில் பேச முடியாததை அங்கே பேசிவிடுவார்கள். அங்கிருந்து திற்பரப்பு அருவி கிட்டத்தில்தான். பத்மநாபபுரம் அரண்மனைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாம், திங்கட்கிழமை மூடியிருக்கும். சாயங்காலத்துக்கு முட்டம், சொத்தவிளை, சங்குத்துறை, எதுவானாலும் சரி.

கடலில் மட்டும் இறங்காதீர்கள். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் போனார்கள், அவர்களும் நண்பர்களாகச் சேர்ந்து வந்தவர்கள்தான். நம் ஊர்க் கடல் பார்க்க அமைதியாக இருக்கும்போதே இழுக்கும். நீச்சல் தெரியும் என்பதெல்லாம் அங்கே செல்லாது, பிள்ளைகள் காலை நனைக்கும்போதும் பெரியவர் ஒருவர் கூடவே நிற்க வேண்டும்.

காசும் ஆசிரியரும்

செலவை மொத்தமாக ஒருவர் போட்டுவிட்டு, முடிந்த மறுநாள் கணக்கைக் குரூப்பில் போடுங்கள். வெளிநாட்டுக்காரர் "நானே பாத்துக்கிறேன்" என்று முன்வந்தால் அன்போடு மறுத்துவிடுங்கள், ஒருவர் காசில் நடந்தால் அடுத்த வருஷம் அவர் வராதபோது கூட்டமும் நடக்காது. பங்கு எல்லாருக்கும் சமம், ஆனால் கொடுத்தவர்கள் பட்டியலைக் குரூப்பில் போடக் கூடாது. கொடுக்க முடியாத ஒருவர் இருப்பார், அவர் யார் என்பது காசு வாங்குகிற ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

ஆசிரியர் யாராவது ஊரில் இருந்தால் அவரைக் கூட்டத்துக்கு வரச்சொல்லி மேடை போட்டுச் சால்வை போர்த்துவதைவிட, நாலு பேர் மட்டும் அன்று காலையில் அவர் வீட்டுக்குப் போய் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். வயதானவர்களுக்கு இருபது பேர் சத்தத்துக்கு நடுவே யார் யார் என்று பிடிபடாது. நாலு பேர் என்றால் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், உங்கள் அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்பார்கள். இறந்துபோன நண்பர் ஒருவர் இருந்தால் அவர் அம்மாவையும் இப்படியே போய்ப் பார்க்க வேண்டும், ஒரு கேக்கோடு. அந்த வீட்டுக்குப் பண்டிகை வாரத்தில் யாரும் போக மாட்டார்கள், அதனால்தான் நீங்கள் போக வேண்டும். என்ன பேசுவது என்று பயப்பட வேண்டாம், அந்த அம்மாவே பேசுவார்.

திரும்புகிற அன்று காலையில் நாகர்கோவில் அப்டா மார்க்கெட்டில் நம் ஊர் வாழைப்பழமான மட்டிப்பழம் வாங்கிக்கொள்ளுங்கள். 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த பழம், வெளியூரில் இந்த ருசியில் கிடைக்காது. பழுத்த குலை வேண்டாம், ரயிலில் நசுங்கிவிடும், செங்காயாகப் பார்த்து இரண்டு சீப்பு எடுத்து நியூஸ்பேப்பரில் சுற்றி பையின் மேலாக வையுங்கள், மூன்று நாளில் பழுத்துவிடும். ஊரில் இருக்க முடியாமல் டூட்டியில் மாட்டிக்கொண்ட நண்பர் நீங்கள் இருக்கிற நகரத்திலேயே இருந்தால் ஒரு சீப்பு அவருக்கு.